பலாக்காய் ஆகிப்போன மாட்டுக்கறி

சமையல் வீடியோ பார்க்கிற ஆண்பிள்ளை உள்ள வீட்டுக்குப் பெண் கேட்டுப் போகிறவர்கள், சொந்த வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது. என் தங்கை ஸ்டெல்லாவைக் கேட்டு மணலூர்பேட்டையிலிருந்து வந்தவர்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

ஸ்டெல்லாவுக்கு மாப்பிள்ளை சேவியரை ரொம்பப் பிடித்திருந்தது. (கேட்டால் "ம்" என்பாள். அந்த ‘ம்’மின் நீளத்தை வைத்து அம்மா கண்டுபிடித்தாள்.) பாக்கி இருந்தது ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அந்தக் கறியை நான் செய்வதாக அறிவித்தேன். காரணம், ஆன்லைனில் வாங்கி வைத்திருந்த ஸ்லோ குக்கர்.

"விசிலே வராதாம்மா. எட்டு மணி நேரம் மெதுவா வேகும். வாயில வச்சா வெண்ணெய் மாதிரி கரையும்."

"கரையறதுக்கு அது இன்னா ஐஸாடா?" என்றாள் அம்மா.

வீடியோவில் வந்த தாடிக்காரர் எலும்பே கூடாது என்று சொல்லியிருந்தார். ஆகவே சனிக்கிழமையே போய்த் தொடைக்கறியாக வாங்கி, மிளகும் சோம்பும் தடவி ஃபிரிட்ஜில் வைத்தேன். ஞாயிறு விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து குக்கரில் போட்டுவிட்டு, எட்டு மணிப் பூசைக்குப் போனேன். அங்கே சாமியார் பிரசங்கம் செய்ய, நான் கறிக்காக ஜெபித்தேன். ஜெபம் அளவுக்கு மீறிக் கேட்கப்பட்டுவிட்டது. திரும்பி வந்து மூடியைத் திறந்தால் துண்டு என்று ஒன்றுகூட இல்லை. கரண்டி பட்டதும் எல்லாம் நார் நாராகப் பிரிந்து கிடந்தது. எனக்கோ பெருமை தாங்கவில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தோணி முதல் வாய் எடுத்து வைத்தார். மென்றார். மெல்ல ஒன்றும் இல்லாததால் நிறுத்தினார். எழுந்து கை கழுவப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, பின்னாடி பாதி பலாக்காய் வெட்டி வச்சிக்கிதே, மீதி பாதி எங்க?"

அம்மாவின் சிநேகிதி கல்வராயன் மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த காய் அது. மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திருந்தோம். அந்த வீடோ அன்று பூட்டிக் கிடந்தது.

"மாமா, இது மாட்டுக்கறி..."

"எலும்பு எங்க? கொழுப்பு எங்க? நார் நாரா பலாக்காய வேக வச்சி, மசாலாவ ஜாஸ்தி போட்டு கறின்றியா? மாட்டுக்கறி ஆக்கறதுக்குக் கூச்சமாபா? படிச்ச வூடு, நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் பூடுமா?"

கதவுக்குப் பின்னால் ஸ்டெல்லாவின் வளையல் சத்தம் சட்டென்று நின்றது. குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன்.

"எத்தினி விசில் வுட்ட?"

"இதுல விசில் வராது மாமா."

"விசில் வராத குக்கரு, எலும்பு இல்லாத கறி. நல்ல வூடுதான் பாத்துக்கிறோம்!"

ஆத்திரத்தில் கறிக்கடை பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பாய், இன்னிக்கி நான் உங்க கடையில இன்னா வாங்கினேன்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க!"

"இன்னிக்கா? நீ இன்னிக்கி கடை பக்கமே வரலியேபா! கூட்டமா கீது, அப்பால பேசு." கட்.

(சனிக்கிழமை என்று கேட்டிருக்க வேண்டும். மூளையையும் சேர்த்து மெதுவாக வேக வைத்திருந்தேன் போலிருக்கிறது.) மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. சேவியர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தோணி மாமா துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எழுந்திரிக்கா, போவலாம்."

அந்த அக்கா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, எழவில்லை. அப்போதுதான் அவர் இலையைப் பார்த்தோம். அது கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

"ஒரு ஈர்க்குச்சி குடு தம்பி."

கொடுத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கடைவாய்ப் பல்லை நிதானமாகக் குடைந்து எதையோ எடுத்து இலை ஓரத்தில் வைத்தார். வெள்ளையாக, விறைப்பாக ஒரு நரம்பு. எட்டு மணி நேரமும் வேக மறுத்து நின்ற ஒரே ஒரு நரம்பு. என் சமையலின் ஒரே தோல்வி.

"இந்தாடா அந்தோணி, பாத்துக்கோ. பலாக்காய்க்கு நரம்பு இருக்குமா? இந்தப் பல்லு வலிய வச்சிக்கினு நானு இத்தினி நாளா சாறு மட்டும் ஊத்திக்கினு கெடந்தேன். இன்னிக்கிதான் கறி தின்னுகினு இருக்கேன், அதுக்குள்ள எழுந்திரின்றியே! ஒக்காரு." என் பக்கம் திரும்பினார். "இன்னும் ரெண்டு கரண்டி போடு தம்பி. அப்புறம், இந்த மிசினும் பொண்ணோட வருமா?"

கதவுக்குப் பின்னால் வளையல் மறுபடி பேச ஆரம்பித்தது.

மிசின் சீர்வரிசையோடு மணலூர்பேட்டைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் நான் தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், உப்பு வைப்பதற்கு முன்னால் என் இலையில் ஒரு ஈர்க்குச்சி வந்து விழும். நான் முதல் வாய் மெல்லும்வரை அந்தோணி மாமா பொறுமையாக இருப்பார். அப்புறம் ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரிப்பார்.

"இன்னா மாப்ள, சாட்சி மாட்டிச்சா?"