தட்டின் இரண்டாம் பக்கம்

இனி ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சட்டம் போட்டார். வீட்டில் இருப்பதே மூன்று பேர். அதில் பாப்பாவுக்கு எட்டு மாதம். அவளுக்குச் சட்டம் புரியவில்லை.

எல்லாம் ஓர் இசைத்தட்டால் வந்தது. தோட்டத்துப் பழைய துரை பங்களாவை இடித்தபோது இவர்தான் லோரியில் சாமான் ஏற்றப் போனார். யாரும் வேண்டாம் என்று தள்ளிய ஒரு பாட்டுப்பெட்டியும் அந்தத் தட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் காலத்து ஹாலிவூட் படத்தின் இசை.

“எண்பது பேர் வாசிக்கிறாங்க, அறுபது பேர் பாடுறாங்க. இதெல்லாம் ரசிக்கத் தெரியணும்லா, குமுதா.”

சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடுவதுதான் ரசிப்பது. முதல் பக்கம் முடிந்ததும் தட்டைத் திருப்பிப் போடுவது என் வேலை. துணி, சமையல், பாப்பா, அதெல்லாமும் என் வேலை. அவளுக்குப் பல் முளைக்கிற நேரம். நான் ஒழுங்காகத் தூங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. எனக்கும் அதே ஒரு மணி நேரம்தான் வேண்டியிருந்தது.

“தூங்குறீங்களா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“கண்ணை மூடினாத்தான் முழுசாக் கேக்கும்.”

குறட்டையும் முழுசாகக் கேட்டது.

சண்டை போட எனக்கு வராது. துவைத்துக்கொண்டே பாட்டைக் கேட்டேன். முதல் பக்கம் பூராவும் வாத்தியம்தான். கொம்பு முழங்கும், பிடில்கள் கூட்டமாக ஓடி வரும். பாடுகிறவர்கள் இரண்டாம் பக்கத்தில்தான் வருவார்கள். பெண்கள் குரல் மெல்ல ஏறும், ஆண்கள் அடியிலிருந்து தாங்குவார்கள். சொல்லே கிடையாது. அந்த இடத்தில் பாப்பா அழுகையை நிறுத்திவிடுவாள். நானும் ஈரத்துணியைப் பிடித்தபடி அப்படியே நிற்பேன்.

நாலாவது ஞாயிறு தட்டைத் திருப்பாமல் முதல் பக்கத்தையே மறுபடியும் வைத்தேன். அது முடிகிற நேரம், பகாவ் டவுன் பசாரிலிருந்து எனக்குக் கீரை வாங்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்கா வந்தார்.

“என்ன தம்பி, நல்ல தூக்கமா?”

“தூக்கமா? நீங்க வேற, அக்கா. கடைசியில அறுபது பேரும் பாடுனாங்க பாருங்க, எனக்குக் கண்ணே கலங்கிருச்சு.”

“அவங்க இன்னும் வரலைங்க,” என்றேன். “நான் தட்டைத் திருப்பவே இல்லை. முதல் பக்கமே ரெண்டு தடவை ஓடுச்சு.”

அக்கா கீரையைக் கீழே வைத்தார். “அப்ப கண்ணு எதுக்குத் தம்பி கலங்குச்சு? கொட்டாவியிலயா?”

என் வீட்டுக்காரர் பாட்டுப்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எல்லாம் இந்த நாற்காலியாலதாங்க,” என்றேன். “பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு நின்னு கேளுங்க. அவ அழுகையை எங்க நிறுத்துறாளோ, அங்கதான் அவங்க வர்றாங்க.”

அக்கா நின்று பார்த்துக்கொண்டே இருந்ததால் இவரால் மறுக்க முடியவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டார். நான் தட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பாப்பா அழுதாள், அவர் நடந்தார். பிறகு அழுகை நின்றது. நடையும் நின்றது.

“குமுதா, வந்துட்டாங்க,” என்றார் மெதுவாக. “நெசமாவே நல்லாத்தான் இருக்கு.” மறுபடியும் நாலு எட்டு நடந்தார். “சரி, கை வலிக்குது. இவளை வாங்கிக்கிறியா? ஏய், தூங்கிட்டியா?”

“பேசாதீங்க,” என்றேன். “கண்ணை மூடினாத்தான் முழுசாக் கேக்கும்.”