வெயிலுக்குப் பின்னால் ஒரு மேசை

லிஃப்ட் மெக்கானிக் ஜாடியை வரைந்து நிமிர்வதற்குள் அதன் நிழல் ஆப்பிள் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மாலை ஐந்து மணிக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். ஓவிய மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு தடவை நிழலைச் சொதப்பிட்டீங்க. இதுவும் சொதப்பினா குழந்தைங்க வகுப்புக்குப் போயிடுங்க."

அந்த வகுப்பில்தான் மெக்கானிக்கின் எட்டு வயது மகள் ஒரு வருடமாகப் படிக்கிறாள்.

"பெத்த பொண்ணுக்கே ஜூனியரா?" என்று மனைவி சிரித்தாள்.

நிறுத்தினால் நிற்கிற பொருள்களோடு இருபது வருடம் பழகியவர் அவர். சூரியன் நிற்கவில்லை. சரி, ஜாடி இருந்த சாப்பாட்டு மேசையாவது நகரட்டும் என்று வெயில் போன பக்கம் தள்ளினார். ஆப்பிள்கள் உருண்டன. பொறுக்கி, குத்துமதிப்பாக வைத்தார்.

"சாப்பாட்டை எங்க வைக்கறது?" என்றாள் மனைவி.

"மடியில வச்சுக்க. மேசை வேலையா இருக்கு."

பதினொரு மணிக்கு மேசை வாசலில் இருந்தது. இரண்டு மணிக்குத் தெருவில். கிரேயான்கள் வெயிலில் குழைந்து விரலோடு வந்தன. துடைக்கத் துடைக்க ஜாடிக்கு மீசை முளைத்தது.

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி பையோடு வந்து நின்றார். "ஆப்பிள் என்ன விலை?"

"விக்கறதுக்கு இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு ரோட்டுல கடை விரிச்சிருக்கீங்க?" என்று ஒன்றை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

"ஐயோ, வைங்க! நிழல் போச்சு!"

அப்போதுதான் பெண்மணி படத்தைக் கவனித்தார். ஜாடியின் நிழல் ஒரு பக்கம், இரண்டு ஆப்பிள்களின் நிழல்கள் வேறு வேறு பக்கம்.

"உங்க வீட்டுக்கு மட்டும் மூணு சூரியனா?"

மெக்கானிக் உடைந்துபோனார். மாஸ்டர், மகள், ஐந்து மணி என்று எல்லாவற்றையும் கொட்டினார். பெண்மணி பொறுமையாகக் கேட்டார்.

"நிழலைச் சுத்தி முதல்லயே ஒரு கோடு போட்டு வச்சுட்டா, அப்புறம் சூரியன் எங்க போனா உங்களுக்கென்ன?"

மெக்கானிக் கிரேயானைக் கீழே வைத்தார். மேசையைப் பார்த்தார். அது கடந்துவந்த தூரத்தைப் பார்த்தார்.

"இது... மேல் வகுப்புப் பாடமா?"

"இல்லைங்க, குழந்தைங்களுக்கு நான் முதல் நாளே சொல்லித்தர்றது" என்றார் அவர், ஆப்பிளைத் திருப்பி வைத்தபடி. "ஞாயித்துக்கிழமை வந்துடுங்க. அப்பா எப்படியும் வந்துடுவார்னு உங்க பொண்ணு போன வாரமே பக்கத்துல இடம் பிடிச்சு வச்சிருக்கா."