லிங்கராஜ் ஊற்றிய நேர்ச்சைக் கஞ்சி

"ஏலே லிங்கராஜ், இது பீரா? இதுக்குக் கார்ப்பரேஷன் தண்ணியே தேவலாம்லே!"

ஹார்பர் ஆபீஸ் கூட்டாளி ஜாபேஸ் இப்படிச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து லிங்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை. டப்பாவில் வரும் மால்ட் பாகைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் தூவி, கட்டிலுக்கடியில் கேனில் ஒளித்துவைத்தால் பீர். எத்தனை தடவை போட்டாலும் சப்பென்றுதான் இருந்தது. டப்பாவை நம்பினால் மானம் கப்பலேறிவிடும் என்று, இந்தத் தடவை முளைகட்டிக் காயவைத்த பார்லியிலிருந்தே ஆரம்பித்தான்.

மனைவி சண்முகப்ரியா சஷ்டி விரதத்துக்குத் திருச்செந்தூர் போயிருந்தாள். அவளுடைய மிக்சியில் பார்லியை உடைத்தான். அவளுடைய இட்லிக் கொப்பரையில் வெந்நீர் ஊற்றி ஊறப்போட்டு, சூடு ஆறாமல் போர்வையைச் சுற்றினான். கல்யாண வேட்டியில் வடிகட்டிக் கொதிக்கவிட்டான். இனி ஆறவைத்து ஈஸ்ட் போடுவதுதான் பாக்கி. அதற்குள் தெருவே மணத்தது. அங்கேதான் வினை.

பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மதினி சன்னலில் முளைத்தாள்.

"அடுப்புல என்ன கொழுந்தனாரே?"

பொய்யைச் சின்னதாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். "முருகனுக்கு நேர்ச்சைக் கஞ்சி மதினி" என்று உளறினான்.

வேண்டுதலுக்கு ஊற்றும் நேர்ச்சை என்றால் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல முடியுமா? மதினி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தூக்குவாளிகள் வரிசை கட்டின.

"தீந்துபோச்சு" என்று சொல்லிப் பார்த்தான்.

"நேர்ச்சையில அப்படிச் சொல்லப்படாதுய்யா. தண்ணிய ஊத்திப் பெருக்கு" என்றார் எதிர்வீட்டு சுடலைமாடன் அண்ணாச்சி.

ஊற்றினான். வரிசையும் பெருகியது. சப்பென்றிருக்கிறது என்று யாரோ சொல்ல, கருப்பட்டியைத் தட்டிப் போட்டான். ருசி கண்டு, வாங்கியவர்களே மறுபடி வந்தார்கள். 'முருகா, ஒரு செம்பாவது மிச்சம் வையேன்' என்று உள்ளுக்குள் அழுதான். மிஞ்சியது வேட்டியில் ஒட்டிய சக்கைதான். அதையும் அண்ணாச்சி மாட்டுக்கென்று அள்ளிக்கொண்டு போனார்.

லிங்கராஜ் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கடைசி டம்ளரை உறிஞ்சி முடித்த மதினி முகத்தைச் சுளித்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே குனிந்தாள்.

"இனிப்பாத்தான் இருக்கு, ஒண்ணும் ஏறலியே கொழுந்தனாரே. பேசாம அந்த டப்பாவையே போடுங்க. இனிமே நானும் ப்ரியாவும் கேன்ல குடிச்ச அளவுக்குத் தண்ணிய ஊத்தி வைக்க மாட்டோம்."