தட்டு மாமுவும் வீம்புச் சிவப்பும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடல் காற்றோடு சண்டை போட்டு ஜெயித்த ஆள் ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். எங்களுக்கு அவர் தட்டு மாமு.

துறைமுகத்தில் மூட்டை தூக்குவார். கப்பல் சமையல்காரர் ஒருவர், தூத்துக்குடிக்காரர், வெளிநாட்டில் கற்ற விளையாட்டை இவருக்குப் பழக்கி, பிளாஸ்டிக் தட்டுகள் சிலதையும் கொடுத்துவிட்டுப் போனார். டிஸ்க் கோல்ஃப் என்று பேராம். தூரத்துக் கூடையில் தட்டை வீசிப் போட வேண்டும். கூடைக்கு எங்கே போவார்? கடற்கரையில் கருவாடு காயவைக்கும் என்னிடம்தான் வந்தார். தண்ணீர் ஓரம் கம்பு நட்டு என் கூடையைக் கட்டினார்.

அதில் ஒரு சிவப்புத் தட்டு. அகல விளிம்பு, கத்தி போல ஓரம். எப்படி வீசினாலும் கடைசியில் இடது பக்கம் இழுத்துக்கொண்டு விழும். கூடைக்கு இடது பக்கம் யார்? நான்.

“இன்னா மாமு, கூடை அங்க கீது, நீ என் நெத்திலி மேல போடுற?”

“நான் எங்க யக்கா போட்டேன்? அதுவா வருது. வீம்பு புடிச்சது.”

அந்த வீம்பின் அருமை மத்தியானம்தான் தெரிந்தது. எதிர்க்காற்று ஏறியதும் மற்ற தட்டெல்லாம் வலது பக்கம் கவிழ்ந்து கடலுக்குப் போயின. சிவப்பு மட்டும் காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து அதற்கு ராஜ மரியாதை. கல்லில் அடிபட்டால் வீம்பு குறையுமென்று லுங்கியில் சுற்றி பீரோ மேல் வைத்தார். ஒருநாள் பெண்சாதி மேரி அதைக் கொதிக்கிற வஞ்சிரக் குழம்புக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். “சூட்டுல வளைஞ்சா ரோசம் பூடும்டி” என்று மனுஷன் அந்தக் குழம்பையே தொடவில்லை. வஞ்சிரத்தை.

மறு வருஷம் சமையல்காரர் புது நீலத் தட்டோடு வந்து இறங்கினார். ஆளுக்கு ஒரு வீச்சு. கூடைக்குப் பக்கத்தில் போடுகிறவருக்கு இரண்டு தட்டும். மாமு சரியென்றுவிட்டார்.

மேரி என் காதில் சொன்னாள்: “சிவப்பு போச்சுன்னா இது சோறு துன்னாது யக்கா.”

சமையல்காரர் வீசினார். நீலம் அழகாக எழும்பியது, காற்றில் வலது பக்கம் கவிழ்ந்தது, கடலில் விழுந்தது. அலை அதை இழுத்துக்கொண்டது.

மாமு கூடையைப் பார்க்கவே இல்லை. வலது பக்கம் நின்ற படகுகளைப் பார்த்துத் திரும்பினார்.

“யோவ், கூடை இந்தாண்ட கீதுய்யா” என்று கரையே கத்தியது.

வீசினார். சிவப்பு படகுக்கு மேலே, தண்ணீருக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. மேரி கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் அதற்கு வீம்பு வந்தது. சாவகாசமாக இடது பக்கம் திரும்பியது, கரைக்கு வந்தது, கூடையைத் தாண்டியது, என் மடியில் விழுந்தது.

“மடி கணக்குல வராது” என்றார் சமையல்காரர்.

“கூடையும் என்னுது, மடியும் என்னுது. எது கணக்குன்னு நான் சொல்றேன்” என்றேன். “உன்னுது எங்க கீது, காட்டு.”

அவர் கடலைப் பார்த்தார். சிரித்துவிட்டார். அன்று ராத்திரி மாமு வீட்டில் வஞ்சிரம். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

பிறகு மாமுவும் மேரியும் மகளோடு மணலி புதுநகர் போய்விட்டார்கள். கம்பும் இல்லை, கூடையும் கிழிந்துபோயிற்று. நான் மட்டும் மத்தியானக் காற்று ஏறினால் நெத்திலியைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்தில் ஒரு தட்டு விழுகிற அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறேன்.