ஆறு மணி வாழைத்தண்டு

இனிமேல் எங்கள் வீட்டில் இயற்கை வைத்தியம்தான் என்று போன தை மாதம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். என் ஓட்டு ஆதரவாக விழுந்தது. ஜெபாவின் ஓட்டும் ஆதரவாகவே விழுந்தது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஜெபா என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. எங்கள் ராஜபாளையம் பக்கம் மற்ற புருஷன்மார் பொண்டாட்டியை "ஏட்டி" என்று அதட்டிக் கூப்பிடுவார்கள். நான் நிஜ ஏட்டுக்கு வாக்கப்பட்டவன். "ஏட்டம்மா" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன்.

அவளுக்கு நீர்க்கடுப்பு. ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை. இந்தத் தடவை குளிர்காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தது. திருடனைத் துரத்திச் சுவரேறிக் குதித்தவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தாள். வழக்கமாக அவளைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். அவளுக்காகப் பயந்தது அதுதான் முதல் தடவை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். சோதித்துவிட்டு மாத்திரை எழுதினார்.

"நடுவுல நிறுத்தாம முழுசா முடிங்க. திரும்பத் திரும்ப வந்தா கிட்னி வரைக்கும் ஏறிடும். தண்ணி நல்லா குடிங்க. முக்கியமா, வந்தா அடக்காதீங்க."

"காலையிலதான் டாக்டர் அடக்க வேண்டியிருக்கு. அதுக்குப் பயந்தே தண்ணி குடிக்கிறதில்ல" என்றாள் ஜெபா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் எனக்குள் இருந்த வைத்தியன் விழித்துக்கொண்டான்.

என் வைத்திய அறிவெல்லாம் யூடியூபில் கற்றது. கற்ற இடம் எங்கள் வீட்டுக் கழிப்பறை. மில்லில் எனக்கு இரண்டாவது ஷிப்ட். அதனால் காலை ஆறு மணிக்குச் செல்போனோடு உள்ளே போனால் ஏழு மணிக்குத்தான் வெளியே வருவேன். என்மேல் மட்டும் பழி போடக் கூடாது, என் வயிறும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துழைக்காது. ஜெபா ஐந்து மணிக்கு எழுந்து, சோறு வடித்து, குழம்பு வைத்து, யூனிஃபார்மைத் தேய்த்துவிட்டுத் திரும்பும்போது கதவு சாத்தியிருக்கும். ஏழு மணிக்கு அவளுக்கு பஸ். வீட்டில் இருப்பதோ ஒரே கழிப்பறை. இப்படி வரிசையாகச் சொல்லும்போது உங்களுக்கு ஏதோ புரிகிறது. எனக்கு அப்போது புரியவில்லை.

"ஏட்டம்மா, இனிமே இந்த நோவு வராம நான் பாத்துக்கிடுதேன். வாழத்தண்டுச் சாறு இருக்கு, பார்லித் தண்ணி இருக்கு, நெருஞ்சிமுள்ளுக் கசாயம் இருக்கு."

"மொதல்ல டாக்டர் குடுத்த மாத்திரைய முடிச்சிருதேன். பொறவு ஒங்க வைத்தியம்."

"நெசமாவே சம்மதமா?"

"சம்மதம். தண்டுச் சாறே போதும். ஆனா அன்னன்னைக்குக் காலையில நறுக்கணும். முன்னாடியே நறுக்குனா கறுத்துரும்."

"எத்தன மணிக்கு?"

"சரியா ஆறு மணிக்கு. ஏழு மணிக்கு நான் பஸ் ஏறணும்லா."

"நீயே நறுக்கிக்கிட்டா என்ன?"

"இங்க வைத்தியர் யாரு?"

"நாந்தான்."

"நோயாளியே மருந்து அரைச்சா கேக்குமா?"

வைத்தியர் என்று அவள் வாயால் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவரிடம் சொல்லிவைத்தேன். தினமும் ஒரு முழத் தண்டு வீடு தேடி வந்தது.

வாழைத்தண்டின் அருமை நறுக்கியவர்களுக்குத்தான் தெரியும். வட்டம் வட்டமாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு வட்டத்திலும் நார் வரும். அதை விரலில் சுற்றிச் சுற்றி எடுக்க வேண்டும். மோரில் போட வேண்டும். அரைக்க வேண்டும். வடிகட்ட வேண்டும். நான் இழுத்த நாரைத் தறியில் ஏற்றியிருந்தால் தெருவுக்கே வேட்டி நெய்திருக்கலாம். முடிக்கும்போது மணி ஆறே முக்காலாகிவிடும். அந்த முக்கால் மணி நேரமும் ஜெபா வீட்டுக்குள் பாட்டுப் பாடிக்கொண்டு நடமாடுவாள்.

முதல் நாள் டம்ளரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மொதல்ல நீங்க குடிங்க."

"ஏன்?"

"புருசன் கலக்கிக் குடுத்தத அப்படியே குடிச்ச கேஸு நான் எம்புட்டுப் பாத்திருக்கேன்."

குடித்தேன்.

"இன்னொரு டம்ளர்."

"அது எதுக்கு?"

"ரெண்டு சாட்சி இருந்தாத்தான் கேஸு நிக்கும்."

ஆக, தினமும் எனக்கு இரண்டு டம்ளர். அவளுக்கு அரை டம்ளர், அதன் பின்னாலேயே ஒரு சொம்புத் தண்ணீர்.

தை போய் ஆடி வந்தது. ஆண்டாள் தேருக்கு நாள் முழுக்க வெயிலில் பந்தோபஸ்து நின்றாள். அப்போதும் நீர்க்கடுப்பு வரவில்லை. நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டுச் சோலைச்சாமி கையில் கத்தியோடு வந்து நின்றார். பேண்டேஜ் துணி நெய்கிற தறி வைத்திருப்பவர். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"பயப்படாதீக அண்ணாச்சி. ஒங்ககிட்டத் தண்டு நறுக்கப் படிச்சிட்டு வரணும்னு எங்க வீட்டுல வெள்ளத்தாய் சொல்லிட்டா."

"தாராளமா வாங்க. எப்ப வசதி?"

"தெனமும் ஆறு மணிக்குப் போகச் சொல்லுதா."

அடுத்த வாரம் எதிர்வீட்டுக் காளிராஜ் வந்தார். அதற்கடுத்த வாரம் முனை வீட்டு முத்துவீரன். மூன்று சீடர்கள். மூவருக்கும் ஆறு மணிதான் வசதிப்பட்டது. 'ராஜரத்தினம் இயற்கை வைத்திய முகாம்' என்று என் பெயரில் போர்டு எழுதக் கொடுத்துவிட்டேன்.

போர்டு வருவதற்குள் டாக்டரிடம் மறுபடி போகவேண்டிய நாள் வந்தது. ஜெபாவின் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது.

"எல்லாம் என் தண்டுச் சாறு டாக்டர்" என்றேன்.

"குடிக்கிறதுல தப்பில்ல. ஆனா அதனாலதான் வரலன்னு நான் சொல்ல மாட்டேன். தண்ணி குடிக்கிறாங்களா? அடக்காம போறாங்களா?"

"இப்ப அடக்குறதே இல்ல டாக்டர்" என்றாள் ஜெபா. "ஆறு மணிக்கு பாத்ரூம் காலியா இருக்கு. இவுக அடுப்படியில இருக்காக."

டாக்டர் குனிந்து சீட்டில் ரொம்ப நேரம் எதையோ எழுதினார். மருந்தே தேவையில்லாத ஆளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கியது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"அப்ப என் வைத்தியம்?"

"கதவத் தட்டித் தட்டி இருவத்திரண்டு வருசம் பாத்தாச்சு. நீங்க வெளிய வரல. வைத்தியரேன்னேன். வந்துட்டீக."

"வெள்ளத்தாய்க்கும் நீர்க்கடுப்பா?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. அவ வீட்டுலயும் ஒரே பாத்ரூம்."

"காளிராஜ்? முத்துவீரன்?"

"ஒங்ககிட்ட அனுப்பச் சொன்னதே நாந்தான்."

அவள் குணமானதில் சந்தோஷம்தான். பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே சந்தோஷம். ஆனால் ஒரு முகாமின் தலைவனுக்கு மானம் என்று ஒன்று உண்டு. மறுநாள் ஒரே ஒரு நாளாவது என் பழைய ஒரு மணி நேரத்தை மீட்டே தீருவது என்று சபதம் எடுத்தேன்.

காலை ஆறு மணி. சீடர்கள் அடுப்படியில் தண்டு உரிக்கத் தொடங்கியிருந்தார்கள். முதலில் ஜெபா போய்விட்டு வரட்டும் என்று காத்திருந்தேன். அந்த அளவுக்கு நான் கெட்டவன் இல்லை. பிறகு முழுச் சார்ஜ் ஏற்றிய செல்போனோடு உள்ளே போய்த் தாழ் போட்டேன். வீடியோவைத் தட்டினேன். விளம்பரம் ஓடியது. அது முடிவதற்குள் எனக்கு வந்த வேலை முடிந்துவிட்டது. அதன் பிறகும் வீம்புக்கு உட்கார்ந்து பார்த்தேன். கால் மரத்ததுதான் மிச்சம். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஜெபா யூனிஃபார்மில் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிசம்" என்றாள்.

"அது வந்து... இன்னைக்கு என்னமோ..."

"இன்னைக்கு மட்டுமில்ல. ஆறு மாசமா தெனம் ரெண்டு டம்ளர் தண்டுச் சாறு எறங்குன வயிறு, பொறவு எப்படி இருக்கும்?"

அடுப்படியில் மூன்று கத்திகளும் நின்றன. ஜெபா தொப்பியை மாட்டிக்கொண்டு, சீடர்கள் காதிலும் விழும்படி சொன்னாள்:

"என் நோவுக்கு வைத்தியம் பாத்தது டாக்டரம்மா. ஒங்க மலச்சிக்கலுக்குப் பாத்தது நான்."