சான்றிதழுக்கு இறங்கிய சிலம்பன்

ஒரு காட்டில், மேகம் தரைக்கே வந்து மேய்கிற உயரத்தில், மாதி என்றொரு சிலம்பன் குருவி இருந்தாள். குளிருக்குக் கம்பளி போல இறகு, காற்று மெலிந்த இடத்திலும் மூச்சைத் தாங்கும் ரத்தம், எல்லாம் பரம்பரைச் சொத்து. மலை அவள் வம்சத்தைப் பல்லாயிரம் வருஷம் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தது.

திடீரென்று சிங்கராஜா ஓர் ஆணை போட்டார். உச்சியில் முட்டையிட மலைவாழ் பறவைச் சான்றிதழ் வேண்டுமாம். அலுவலகமோ அடிவாரத்தில். அதிகாரி கொக்குக்கு மலைக்குளிர் ஆகாதாம்.

வயிற்றில் முட்டையோடு மாதி இறங்கினாள். அந்த வெயிலில் இறகே அவளை அவித்தது.

"ஐயா, என் உடம்பைப் பாருங்க. இதைவிடச் சாட்சி வேணுங்களா?"

"உடம்பெல்லாம் ஆவணம் ஆகாதும்மா. உங்கப்பா சான்றிதழ் இருக்கா?"

"அப்பாகிட்ட இறகுதானுங்க இருந்துச்சு."

"அப்ப வரிசையில நில்லுங்க."

நின்றாள். முட்டையையும் வரிசையிலேயே இட்டாள். இடம் போய்விடும் என்று குஞ்சுகளை நிறுத்திவிட்டு இரை தேடினாள். வருஷங்கள் ஓடின. கால் வலித்த பிள்ளைகள் வரிசையை விட்டுப் போயின. வலிக்காதவை நின்று வம்சம் பெருக்கின. கால் நீண்டது, இறகு மெலிந்தது, ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கத் தோதாகக் கழுத்து வளைந்தது. கடைசிக் குஞ்சு முட்டை ஓட்டை உடைத்ததும், "கியூ நகருதா?" என்றுதான் கேட்டது. காகிதம் வாங்காமல் சாவதில்லை என்று மாதி மட்டும் பிடிவாதமாக உயிரோடிருந்தாள்.

ஒருநாள் சான்றிதழ் வந்தேவிட்டது, குடும்பம் மொத்தத்துக்கும். மாதி அழுதேவிட்டாள். "கிளம்புங்கடா கண்ணுங்களா, வீட்டுக்குப் போலாம்!"

பாதி மலைகூட ஏறவில்லை. பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது, உடம்பு வெடவெடத்தது. "அம்மாச்சி, இங்க யாரு இருப்பாங்க?" என்று திரும்பி இறங்கிவிட்டன. பெற்ற மனம், மாதியும் பின்னாலேயே இறங்கினாள்.

கொக்கு மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. "மலைவாழ் பறவைன்னு எழுதிக் கொடுத்தாச்சே! இனி அடிவாரத்துல தங்கணும்னா அதுக்குத் தனிச் சான்றிதழ். பக்கத்து வரிசை."

பிள்ளைகள் குஷியாக ஓடிப்போய் நின்றன. அத்தனை சௌகரியமான கால்கள். மாதி ஒருமுறை உச்சியை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள் இல்லாத கூடு எதற்கு என்று அவளும் கடைசியில் போய் நின்றாள்.

நீதி: எந்த உயிரும் தான் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறிவிடும்; ஆகவே அதிகாரிகள் அவசரப்படத் தேவையில்லை.