இப்பல்லாம் யாருங்க அதெல்லாம் பாக்குறாங்க?

மனித குலத்தில் இப்பல்லாம்காரர் என்று ஓர் உட்பிரிவு உண்டு. தேடிப் போக வேண்டியதில்லை, அவரே வந்து உட்காருவார். நாற்காலி போட்டு, காப்பியும் கொடுத்துவிட்டு, நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையைத் தெரியாத்தனமாகக் கீழே போடுவதுபோலப் போட்டுப் பாருங்கள். கை உடனே மேலே போகும். ஈ ஓட்டுவதுபோல ஒரு வீச்சு. “அட, இப்பல்லாம் யாருங்க அதெல்லாம் பாக்குறாங்க?” முடிந்தது. நானூறு வருடச் சங்கதி அந்த ஈயோடு சேர்ந்து ஜன்னல் வழியாகப் போய்விடும்.

கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இவரோ நல்லவர், அதுதான் தொல்லை. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் மேற்கு ஓரத்தில் வசிக்கும் வெள்ளைக்காரர் ரஸ்ஸல் ஹாகடோர்ன் பனி கொட்டினால் தன் வாசலோடு பக்கத்து வீட்டுக் கறுப்பினப் பெண் வெர்லீன் பேட்டிலின் வாசலையும் சேர்த்து வாரித் தள்ளுவார். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போனால் அவளுக்கு ஒரு பொட்டலம் கட்டி வருவார். ‘இங்கே வெறுப்புக்கு இடமில்லை’ என்று ஆறு வண்ணத்தில் எழுதிய பலகையைப் புல்வெளியில் நட்டு, புல் வெட்டும்போது மட்டும் பிடுங்கி வைத்துவிட்டு மறுபடி அதே ஓட்டையில் நடுவார். எழுபது வயதில் குனிந்து நிமிர்ந்து இதையெல்லாம் செய்கிறவரை என்னவென்று திட்டுவது?

இந்த இனத்தின் கையிருப்பில் எப்போதும் மூன்று சரக்கு இருக்கும். ஒன்று, பட்டியல். அந்த ஊரில் கறுப்பர் மேயரானார், இந்த ஊரில் போலீஸ் தலைவரானார், நம்முடைய பல் டாக்டரே பாருங்கள் என்று விரல் மடக்குவார். பத்து விரலும் மடங்குவதற்குள் பேச்சை மாற்றிவிடுவார். இரண்டாவது, பொறுமை. சிக்னலில் பச்சை விழுந்து அரை நொடி தாமதித்தால் முன்னால் நிற்கும் கார்க்காரனின் பரம்பரையையே ஹாரனால் அழைக்கிறவர், “எல்லாம் ஒரே நாள்ல மாறிடுமா, கொஞ்சம் பொறுக்கணும்” என்று மற்றவர்களுக்கு இரண்டு தலைமுறைப் பொறுமையைத் தாராளமாக எடுத்துக் கொடுப்பார். மூன்றாவது சரக்குதான் விலையுயர்ந்தது: சாட்சி. “வேணும்னா வெர்லீனையே கேட்டுப் பாருங்க” என்பார். இருபத்துமூன்று வருடமாக இப்படிச் சொல்கிறார். யாரும் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை.

அப்பாக்களைப் பற்றிய பேச்சு வந்தால் இன்னும் விசேஷம். ரஸ்ஸலின் அப்பா எமில் இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பி, படைவீரர்களுக்கென்று அரசு ஏற்பாடு செய்த குறைந்த வட்டிக் கடனில் இந்த வீட்டை வாங்கினார். குடும்பத்தில் இந்தக் கதை ‘அப்பாவின் வியர்வை’ என்ற பெயரில் வழங்குகிறது. கடன் எங்கோ வழியில் ஆவியாகிவிட்டது. வெர்லீனின் அப்பா கிளியோஃபஸும் அதே யுத்தத்திலிருந்து, அதே மாதத்தில், அதே கடனைக் கேட்டு வங்கிக்குப் போனவர்தான். உங்கள் பேட்டைக்கு நாங்கள் கொடுப்பதில்லை என்று மேனேஜர் சிரித்த முகத்தோடு சொல்லி அனுப்பினார். வேறு பேட்டையில் வாங்கலாமென்றால் அங்கே இவருக்கு விற்க ஆளில்லை. சாகும்வரை வாடகை வீடு. இதை வெர்லீன் ஒருமுறை சொல்லப்போக, ரஸ்ஸல் உண்மையாகவே வருத்தப்பட்டார். “பாவம். அவரும் எங்கப்பா மாதிரி சின்ன வயசுலயே சேமிக்க ஆரம்பிச்சிருக்கலாம்” என்றார்.

இப்படிப்பட்டவரிடம்தான் போன ஜூலையில் வெர்லீன் ஓர் உதவி கேட்கப் போக வேண்டியிருந்தது.

வெர்லீன் இருபத்திரண்டு வருடமாக வாடகைக் கட்டடத்தில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். கட்டடக்காரர் திடீரென்று விற்கப்போவதாகச் சொன்னார். அடுத்த மாதக் கடைசிக்குள் அவள் வாங்கிக்கொண்டால் அவளுக்கு, இல்லாவிட்டால் செல்போன் கடைக்காரருக்கு. வீட்டின் பேரில் கடன் எடுத்தால் வாங்கிவிடலாம். வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் வந்தார், கூடத்தில் மாட்டியிருந்த குடும்பப் படங்களை வரிசையாகப் பார்த்தார், வெர்லீனைப் பார்த்தார், பத்தே நிமிடத்தில் அளந்து முடித்துவிட்டுப் போனார். வீட்டின் மதிப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம் டாலர் என்று தாள் வந்தது. எதிர்வரிசையில் அதே கொத்தனார் அதே வருடம் அதே அச்சில் கட்டிய வீடு, சமையலறைக் குழாய்கூட மாற்றாமல், மூன்று லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. இந்த மதிப்பை நம்பினால் பார்லர் போனதுதான்.

தங்கை மோசெல் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “அக்கா, வீடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வீட்ல இருக்கிற ஆளை மாத்தணும். நம்ம பக்கம் எல்லாரும் பண்றதுதானே. படத்தையெல்லாம் கழட்டி, ஒரு வெள்ளைக்காரரைக் கொண்டாந்து நிறுத்து.”

“யாரை நிறுத்துறது?”

“பக்கத்து வீட்ல ஒண்ணு சும்மாதானே இருக்கு.”

ரஸ்ஸல் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கை மேலே போயிற்று, ஈ பறந்தது. “வெர்லீன், இது அம்பது வருஷத்துக்கு முன்னாடி நடந்திருந்தா நான் நம்புவேன். அந்த ஆளுக்கு அன்னைக்கு வயிறு சரியில்லாம இருந்திருக்கும். சரி, நான் வந்து நிக்கிறேன். எதுக்குத் தெரியுமா? ஒரு காசு வித்தியாசம் வராதுன்னு உங்களுக்குக் காட்டத்தான்.”

இன்னொரு வங்கி, இன்னொரு மதிப்பீட்டாளர். முந்தின நாள் அக்காவும் தங்கையும் வீட்டைக் கழுவினார்கள். அதாவது, தங்களை அதிலிருந்து கழுவினார்கள். ராணுவ உடுப்பில் அப்பா இறங்கினார், பட்டமளிப்பு அங்கியில் மகன் இறங்கினான், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியில் அம்மா இறங்கினாள், கறுத்த முகத்து இயேசுவும் அவர்களோடு அட்டைப்பெட்டிக்குள் போனார். குளியலறையில் தலைக்குப் பூசும் வெண்ணெய் டப்பாக்களும் படுக்கும்போது கட்டும் பட்டுக் குல்லாவும் அலமாரிக்குள் ஒளிந்தன. ரஸ்ஸல் தன் பங்குக்குச் சட்டம் போட்ட ஒரு படத்தை ஆணியில் மாட்டினார்: நாலடி நீள மீனைக் கையில் ஏந்திக்கொண்டு அவரே நிற்கிற படம்.

“எங்கப்பா பத்துப் பேரைக் காப்பாத்தி மெடல் வாங்கினாரு. அவரு பெட்டிக்குள்ள, மீன் ஆணியில” என்றாள் மோசெல்.

“மோசெல், ஒரே ஒரு மணி நேரம்தானே” என்றார் ரஸ்ஸல். பொறுமை விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் பண்ணுவதேயில்லை.

மறுநாள் வெர்லீனும் மோசெல்லும் ரஸ்ஸல் வீட்டுச் சமையலறையில் திரையோரம் நின்று தங்கள் வீட்டையே எட்டிப் பார்த்தார்கள். பேச்சு கேட்கவில்லை, பிறகு ரஸ்ஸல்தான் பெருமையாகச் சொன்னார். மதிப்பீட்டாளர் மீனைப் பார்த்ததும் நின்றுவிட்டாராம். எந்த ஏரி, என்ன தூண்டில் என்று கால் மணி நேரம். இந்தத் தெருவில் எத்தனை வருடமாக என்று கேட்டதற்கு “பொறந்ததுலேர்ந்து” என்றாராம், அது பொய்யும் இல்லை. மாடிக் குளியலறையைக் காட்டப் போய் துணி அலமாரியைத் திறந்துவிட்டார். சமையலறை சுவிட்ச் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். நிலவறைப் படியில் விழப்பார்த்தார். சொந்த வீட்டில் கண்ணைக் கட்டி விட்டவர்போல நடக்கிறாரே என்று மதிப்பீட்டாளருக்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. மூன்று லட்சத்து ஒன்பதாயிரம் என்று போட்டுக் கொடுத்தார்.

ஒரு லட்சத்துப் பதினோராயிரம் வித்தியாசம். சுவரைத் தட்டவில்லை, கூரையை மாற்றவில்லை, ஒரு கதவுக் கொண்டிக்கு எண்ணெய்கூட விடவில்லை.

வெர்லீன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பார்லர் தப்பித்தது என்று கொஞ்சம், அப்பா பெட்டிக்குள் படுத்திருந்தால்தான் வீட்டுக்கு விலை என்று நிறைய. ரஸ்ஸல் என்ன செய்தார்? இனி என்ன சொல்லப்போகிறார், இருபத்துமூன்று வருடத்தில் முதல்முறையாக ஒன்றும் சொல்லாமல் இருக்கப்போகிறார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இந்த இனத்தை நீங்கள் குறைத்து எடைபோடுகிறீர்கள்.

“பாத்தீங்களா, மூணே வாரத்துல மார்க்கெட் எப்படி ஏறியிருக்கு” என்றார்.

அத்தோடு விட்டாரா? தெருக்காரர்கள் சாலையை அடைத்து மேசை போட்டுச் சாப்பிடும் நாளில், சுட்ட சாஸேஜைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்ன கதையில் நிறம் இல்லை, மீன் இருந்தது. மதிப்பீட்டாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று இளைஞர்களுக்கு நாலு குறிப்பும் கொடுத்தார். “கடைசியில வெர்லீனுக்கு நல்ல விலை கிடைச்சுதா இல்லையா? இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்குறாங்க?” என்று முடித்தார். வெர்லீன் தான் சுட்டு வந்த பீச் பழக் கோப்ளர் பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு அடுத்த மேசையில்தான் இருந்தாள். ஒருவரும் அவள் பக்கம் திரும்பிக் கேட்கவில்லை.

அவள் பார்லரை வாங்கிவிட்டாள். அப்பாவை மறுபடி ஆணியில் மாட்டினாள். குளிர்காலம் போயிற்று. ரஸ்ஸல் வழக்கம்போல இரண்டு வாசலுக்கும் பனி தள்ளினார்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ரஸ்ஸல் வேலியோரம் வந்து நின்றார். வீட்டை விற்றுவிட்டு மகளோடு அரிசோனாவுக்குப் போவதாக முடிவாம். வெர்லீனுக்குத் துக்கமாகத்தான் இருந்தது. இத்தனை வருடப் பழக்கம் விட்டுப்போகிறதே. மோசெல் பக்கத்தில் விலா எலும்புக் கறிக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

“சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு விலை போட வர்றாங்க” என்றார் ரஸ்ஸல். போகாமல் நின்றார். வேலிச் சட்டத்தை ஆட்டிப் பார்த்தார், உறுதியாகத்தான் இருந்தது. “வெர்லீன், நம்ம பழக்கத்துல கேக்குறேன். சனிக்கிழமைன்னா நீங்க, மோசெல், பார்லர் பொண்ணுங்க எல்லாம் முன்னாடி நாற்காலி போட்டு அடுப்பு மூட்டுவீங்கல்ல. அன்னைக்கு ஒரு நாள் பின்பக்கம் வச்சுக்க முடியுமா?”

“ஏன், புகை வருதா?”

“சேச்சே, புகையெல்லாம் ஒண்ணுமில்ல. என்னைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே, நான் அப்படிப்பட்ட ஆளே இல்ல. ஆனா வர்றவன் எப்படியோ.”

மோசெல் மசாலாக் கையோடு நிமிர்ந்தாள். வெர்லீன் கண்ணைக் காட்டி அவளை அடக்கினாள். கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

“சரி ரஸ்ஸல், ஒரு கணக்கு மட்டும் சொல்லுங்க. என் வீட்ல நீங்க ஒரு மணி நேரம் நின்னதுக்கு எனக்கு ஒரு லட்சத்துப் பதினோராயிரம் கூட வந்துச்சு. என் புல்வெளியில நான் ஒரு மணி நேரம் இல்லாம இருந்தா உங்களுக்கு எவ்வளவு கூட வரும்?”

கேலிக்குத்தான் கேட்டாள். முகம் சிவந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தாள். ரஸ்ஸல் போகவில்லை. தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார், அவளுடைய நாற்காலிகளை எண்ணினார்.

“ஒரு இருபதுலேர்ந்து இருபத்தஞ்சாயிரம் வரலாம்” என்றார்.

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். கை பழக்கத்தில் பாதி மேலே போய் நின்றுவிட்டது.

“இப்ப யோசிச்சுச் சொன்ன மாதிரி இல்லையே” என்றாள் வெர்லீன். “ரொம்ப நாளாவே தெரியும்போல.”

ரஸ்ஸல் வேலிச் சட்டத்தை மறுபடி ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சனிக்கிழமை பத்து மணிக்கு வெர்லீன் முன்பக்கம்தான் அடுப்பு மூட்டினாள், வழக்கத்தைவிட நாலு நாற்காலி அதிகம் போட்டாள்.

ரஸ்ஸலை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். அவர் அமெரிக்காக்காரர், நமக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? போன ஆவணியில் உங்கள் மாடிப் போர்ஷனுக்கு ஒருவர் குடும்பத்தோடு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பெயரைக் கேட்டீர்கள். பெயரில் ஒன்றும் பிடிபடாததால் ஊரைக் கேட்டீர்கள். ஊரும் போதாமல், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டீர்கள். அப்புறம், வீட்டில் கலந்துகொண்டு போன் பண்ணுவதாகச் சொல்லி, குழந்தைக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினீர்கள். அவர் அட்வான்ஸுக்கு என்று எடுத்து வந்த கவரைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.